முற்றத்து எஞ்சின்: தீவுப்பகுதியில் காம்ஷாப்ட் மாற்றும் வேலை

காம்ஷாப்ட் என்பது எஞ்சினுக்குள் கிராங்ஷாப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது தான் ஒரு சுற்று மட்டும் சுற்றும் இரும்புத் தண்டு. அதன் நீளத்துக்கு முட்டை வடிவ மேடுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு மேடும் ஒரு வால்வுக்கு உரியது. மேடு சுழன்று வரும்போது மேலே இருக்கும் டப்பட் உயரும். டப்பட் புஷ்ராட்டைத் தள்ளும். புஷ்ராட் ராக்கரின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை தாழ்ந்து வால்வைத் திறக்கும். மேடு கடந்ததும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1000 தடவை திறந்து மூடுகிறது. எந்த வால்வு எப்போது திறப்பது, எவ்வளவு உயர்வது, எவ்வளவு நேரம் திறந்திருப்பது என்பதெல்லாம் இந்த மேடுகளின் வடிவத்திலேயே வெட்டப்பட்டிருக்கிறது. மேடு தேய்ந்தால் காற்றும் எரிபொருளும் குறைவாக உள்ளே போகும், புகை முழுதாக வெளியேறாது. வண்டி ஓடும், ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும்.

யாழ்ப்பாணத் தீவுகளில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஊர்காவற்றுறையும் நயினாதீவும் நெடுந்தீவும் கடல் மட்டத்திலிருந்து சில மீற்றரே உயர்ந்த சுண்ணாம்புக்கல் தட்டுகள். அங்கே எஞ்சினைச் சோதிப்பவை மணலும் முருகைக்கல் பரவிய பாதைகளும் மாரியில் சேறாகும் தரவைகளும்தான். ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள நெடுந்தீவில் முருகைக்கல் வேலிகளுக்கு நடுவே போகும் ஒழுங்கைகளில் உழவு இயந்திரமும் நாற்சில்லு இழுவை உள்ள பழைய ஜீப்பும் போவது போல வேறெதுவும் போவதில்லை. அதனாலேயே வேறிடங்களில் இரும்பு விலைக்குப் போயிருக்கும் வண்டிகளுக்கு இங்கே இன்னும் வேலை இருக்கிறது.

அத்தகைய வண்டிகளில் எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்கது லாண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30 அன்று அம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட இந்த வண்டியின் எண்ணம் பிறந்ததும் ஒரு தீவில்தான். ரோவர் நிறுவனத்தின் மொரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் கரையோரம் உள்ள ஆங்கிள்சி தீவில் இருந்த தன் பண்ணையில் போர்க்கால வில்லிஸ் ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அது பழுதாகிப் பழுதாகி, அதற்கு மாற்றாக என்ன செய்யலாம் என்று யோசித்ததன் விளைவே லாண்ட் ரோவர். போருக்குப் பின் பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடு இருந்ததால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். கடற்காற்றில் அலுமினியம் உருக்கைப் போலத் துருவேறிப் போவதில்லை. இந்தத் தற்செயல்தான் தீவுகளில் இந்த வண்டியின் ஆயுளை நீட்டியது. ஆனால் சட்டம் உருக்கு. அலுமினியமும் உருக்கும் தொடும் இடங்களில் உப்பு புகுந்தால் அலுமினியம் அரிக்கப்படும். இலங்கையில் அரச திணைக்களங்களும் தோட்டங்களும் வாங்கிப் பயன்படுத்திய லாண்ட் ரோவர்கள் பிற்காலத்தில் ஏலத்தில் தனியார் கைக்கு வந்தன.

1958இல் இரண்டாம் வரிசை லாண்ட் ரோவருடன் வந்த 2286 சி.சி. பெற்றோல் எஞ்சின், 1985இல் மூன்றாம் வரிசை முடியும் வரை அதே அடிப்படையில் தொடர்ந்தது. நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. காம்ஷாப்ட் சிலிண்டர் தொகுதியின் பக்கவாட்டில், கீழே படுத்திருக்கும். முன்பக்கத்தில் இரட்டைச் சங்கிலி ஒன்று அதைக் கிராங்ஷாப்ட்டோடு இணைக்கும். வால்வை இயக்குவதோடு அதன் வேலை முடிவதில்லை. தண்டில் வெட்டிய சரிவுப் பற்கள் வழியாக டிஸ்ரிபியூற்றரையும் ஒயில் பம்பையும் அதுவே சுழற்றுகிறது. பெற்றோல் பம்பின் கையையும் அதுவே தட்டுகிறது. இந்த எஞ்சினின் டப்பட்டுகள் தட்டையானவை அல்ல. ஒவ்வொரு டப்பட்டின் அடியிலும் சிறு உருளை இருக்கும். மேட்டின் மீது வழுக்காமல் உருண்டு போகும். வில்லிஸ் ஜீப்பிலும், யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் கார்களிலும் டப்பட்டின் அடி தட்டை. இந்த வேறுபாடு தேய்மானத்தின் வகையையும் புதிய தண்டு போட்ட பின் எஞ்சினை ஓட்டிப் பழக்கும் முறையையும் தீர்மானிக்கிறது.

காம்ஷாப்ட் தேய்வதற்குப் பொதுவான காரணம் ஒயில் போதாமை. மேட்டின் நுனியும் டப்பட்டும் சந்திக்கும் கோடு மிக ஒடுங்கியது; வால்வு ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் அந்தக் கோட்டில் விழுகிறது. மெல்லிய ஒயில் படலம் கிழிந்தால் இரும்பு இரும்பைத் தொடும். மேட்டின் கடினத் தோல் மெல்லியது. அது போனால் உள்ளே இருக்கும் மென்மையான இரும்பு விரைவில் கரையும். உருளை டப்பட்டில் தேய்மானம் வேறு விதம்: மேற்பரப்பு களைத்துச் சிறு சிறு குழிகளாகப் பெயரும், உருளை ஒரு பக்கம் தட்டையாகும்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1990க்குப் பின் குடாநாட்டுக்குப் பெற்றோல், டீசல், பற்றறி முதலியவை தடைப்பட்டபோது வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய விந்தை அல்ல. பிரித்தானிய விவசாயிகளும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் உழவு இயந்திரம் ஓட்டியவர்கள்தான். பெர்குசன் நிறுவனம் 1949இல் அதற்கென்றே ஒரு வகையை விற்றது. ஆனால் அந்த எரிபொருள் அதற்கென்று தயாரானது. அடுப்பு மண்ணெண்ணெய் அப்படியல்ல. பெற்றோல் கொதிக்கத் தொடங்கும் வெப்பத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஏறக்குறைய 150 பாகை செல்சியஸ் வேண்டும். ஆகவே எஞ்சினைச் சிறிது பெற்றோலில் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பற்றவைப்பு நேரத்தைப் பின்தள்ளி, எஞ்சின் இடிப்பதைக் குறைத்தார்கள். பழைய எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைவு (லாண்ட் ரோவரில் தொடக்கத்தில் 7:1) என்பதாலேயே இது முடிந்தது.

அதற்கான விலையைக் காம்ஷாப்ட்டும் பேரிங்குகளும் கொடுத்தன. முழுதாக ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவிக்கொண்டு, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, அடியில் ஒயில் தேங்கும் சம்ப்பில் இறங்கும். அளவுகோல் குச்சியை எடுத்துப் பார்த்தால் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். அனுபவமற்றவர் இதை நல்ல சேதியாகக் கொள்வார். உண்மையில் அந்த ஒயில் நீர்த்துப்போய், மேட்டின் நுனியில் நிற்கும் வலுவை இழந்திருக்கும்.

தீவுகளுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1990 ஆகஸ்டில் தொடங்கிய படை நடவடிக்கைகளால் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பக்கங்களில் பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தார்கள். விட்டுவிட்டுப் போன வண்டிகள் கொட்டில்களில் ஆண்டுக்கணக்கில் நின்றன. நின்ற எஞ்சினும் தேயும். எந்த நிலையில் நின்றாலும் சில வால்வுகள் திறந்தே இருக்கும்; அவற்றின் வழியாக உப்பு ஈரம் உள்ளே போகும். ஒயில் வடிந்த மேடுகளில், டப்பட் அழுத்திக்கொண்டிருக்கும் கோட்டை ஒட்டித் துரு பிடிக்கும். பின்னர் ஒருநாள் கிளப்பினால் அந்தத் துருக்கோடு அரமாகிவிடும். நெடுநாள் நின்ற எஞ்சினைக் கிளப்புமுன் ராக்கர் மூடியைக் கழற்றி ஒயில் ஊற்றி, கைப்பிடியால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

எஞ்சினுக்கு வலு இல்லை என்றதும் காம்ஷாப்ட்டைச் சந்தேகிப்பது தவறு. அடைபட்ட காபரேற்றர், எரிபொருளில் கலந்த தண்ணீர், எரிந்த வால்வு, வளைந்த புஷ்ராட், நீண்டுபோன சங்கிலி எல்லாம் அதே குணத்தைக் காட்டும். அநேகமாகக் குற்றவாளி இவற்றில் ஒன்றுதான். காம்ஷாப்ட்டைக் குறிப்பாகக் காட்டும் அறிகுறிகள் இரண்டு: சரிசெய்த டப்பட் இடைவெளி ஒரே வால்வில் திரும்பத் திரும்ப அகலுவது, வெளியேற்று மேடு தேய்ந்த சிலிண்டர் காபரேற்றர் வழியாகத் திருப்பி உமிழ்வது. உறுதிப்படுத்துவதற்கு அளவு வேண்டும். ராக்கர் மூடியை எடுத்து, வால்வின் தலையில் டயல் கேஜின் முள்ளை வைத்து, கைப்பிடியால் எஞ்சினைச் சுற்றினால் அந்த வால்வு எத்தனை மில்லிமீற்றர் இறங்குகிறது என்று தெரியும். நான்கு உள்ளிழுப்பு வால்வுகளும் ஒன்றுக்கொன்று சமமாக இறங்க வேண்டும். நான்கு வெளியேற்று வால்வுகளும் அப்படியே. ஒன்று மட்டும் குறைந்தால் அதன் ராக்கரையும் புஷ்ராட்டையும் நல்ல வால்வுடையவற்றோடு மாற்றிப் போட்டு மறுபடி அளக்க வேண்டும். குறைவு இடம் மாறாவிட்டால் பழுது கீழே, டப்பட்டில் அல்லது மேட்டில்.

தீவில் இந்த அளவீட்டுக்குக் கூடுதல் அர்த்தம் உண்டு. கொழும்பில் எஞ்சினைத் திறந்துவிட்டு என்ன தேவை என்று பார்க்கலாம். உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்கு ஓட்டோவில் போய் வரலாம். நெடுந்தீவில் திறந்த எஞ்சின் என்றால், தேவையான பாகம் வரும் வரை காற்றுக்கும் உப்புக்கும் திறந்து கிடக்கும் எஞ்சின். காம்ஷாப்ட் யாழ்ப்பாணத்துக் கடைகளில் கிடைக்காவிட்டால் கொழும்பிலிருந்து 400 கிலோமீற்றர் வர வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து நயினாதீவுக்குச் சிறு பயணம், நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகு. கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. ஊர்காவற்றுறை தரைவழியில் இணைந்திருப்பதால் அங்கே இந்தச் சிக்கல் பாதி. ஆகவே தீவில் முதலில் அளந்து, பட்டியல் எழுதி, எல்லாம் கைக்கு வந்த பிறகே முதல் நட்டைக் கழற்ற வேண்டும். பழைய எஞ்சின்களைப் பற்றிப் பேசும்போது கைத்திறனை மெச்சுவது வழக்கம். இந்த வேலையில் கைத்திறனைவிடப் பெரியது இந்தப் பொறுமை.

பட்டியலில் காம்ஷாப்ட்டோடு சேர வேண்டியவை: எட்டு டப்பட் உருளைகளும் அவற்றின் மேல் நகரும் துண்டுகளும், டைமிங் செயின், அதன் இறுக்கி, முன்மூடி ஒயில் சீல், சிலிண்டர் ஹெட் காஸ்கெற், மற்றக் காஸ்கெற்றுகள், ஒயில், பில்டர். பழைய டப்பட்டைப் புதிய தண்டோடு ஓடவிடக் கூடாது. தேய்ந்த உருளை புதிய மேட்டைச் சில நாளிலேயே தன் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். காசை மிச்சம் பிடிக்க நினைப்பவர் பெரும்பாலும் இங்கேதான் பிடிக்கிறார், இங்கேதான் இழக்கிறார். புதிய தண்டு கிடைக்காதபோது தேய்ந்த மேட்டுக்கு வெல்டிங் வைத்துக் கடைவது ஒரு வழி. ஆனால் வெல்டிங்கின் சூடு தண்டை வளைக்கும், மேட்டின் வளைவைக் கண்ணால் பார்த்து அரைக்க முடியாது. அதற்கென இயந்திரமும் மாதிரித் தண்டும் உள்ள பட்டறையில் செய்தால் மட்டுமே அது பலன் தரும். வந்து சேர்ந்த தண்டைப் பிரித்துப் பழையதன் அருகில் வைத்து, நீளம், தாங்குமிடங்களின் விட்டம், மேடுகளின் வரிசை, சரிவுப் பற்கள் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். தவறான தண்டு என்பதை எஞ்சினுக்குள் வைத்து அறிவதைவிட முற்றத்தில் அறிவது நல்லது.

காலமும் பார்க்க வேண்டும். வைகாசிக்குப் பின் எழும் சோளகம் மணலை வாரிக்கொண்டு வரும். ஐப்பசி முதல் வாடையும் மழையும். மாசிக்கும் சித்திரைக்கும் இடையே காற்று அடங்கியிருக்கும். படகும் ஒழுங்காக ஓடும். திறந்த முற்றத்தில் எஞ்சினைப் பிரிப்பவருக்கு அதுவே பருவம். கொட்டிலின் காற்று வரும் பக்கத்தைப் படங்கால் மறைத்து, திறந்த துளைகளைத் தோய்த்த பழைய சாரத் துணியால் மூடி வேலை செய்வார்கள்.

பிரிக்கும் வேலை முன்பக்கத்திலிருந்து தொடங்கும். எஞ்சினை வண்டியிலிருந்து இறக்கத் தேவையில்லை. காம்ஷாப்ட் முன்னோக்கி வெளியே வருவதற்கு வழி விட்டால் போதும். பற்றறியின் இணைப்பைக் கழற்றி, தண்ணீரையும் ஒயிலையும் வடித்து, பொனற்றை எடுத்து, ரேடியேற்றரை அதன் சட்டத்தோடு கழற்றி விலக்கினால் எஞ்சினின் முகம் திறந்துவிடும். தீவுக் கிணறுகளின் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதை வடியும் ரேடியேற்றர் சொல்லிவிடும். நெடுந்தீவில் சாறாப்பிட்டி போன்ற சில இடங்கள் தவிர நல்ல தண்ணீர் அரிது; உவரும் சுண்ணாம்பும் சேர்ந்து எஞ்சினின் நீர்வழிகளில் படிகின்றன. காம்ஷாப்ட் கெட்டது என்று திறந்த எஞ்சினில் அடைபட்ட நீர்வழியையும் சேர்த்துச் சுரண்டிச் சுத்தம் செய்யாவிட்டால் அடுத்த பழுது அங்கிருந்து வரும். மழைநீரைச் சேர்த்து வைத்து ரேடியேற்றருக்கு ஊற்றுவது செலவில்லாத மருந்து.

அடுத்து சிலிண்டர் ஹெட். டப்பட்டுகள் சிலிண்டர் தொகுதிக்குள் மேலிருந்து இறக்கப்பட்டவை. ஹெட்டை எடுக்காமல் அவற்றைத் தொட முடியாது. ராக்கர் தண்டைத் தூக்கும்போது இரு முனைகளையும் பிடித்துக்கொள்ளாவிட்டால் ஸ்பிரிங்கின் தள்ளலில் ராக்கர்கள் சிதறும். புஷ்ராட்டுகளை ஓர் அட்டையில் எட்டுத் துளையிட்டு, 1 முதல் 8 வரை இலக்கமிட்டுக் குத்தி வைப்பது வழக்கம். கழற்றிய போல்ட்டுகள் இடம் எழுதிய பால்மாப் பேணிகளில் போகும். ஹெட் கனமானது, இருவர் சேர்ந்தே தூக்க வேண்டும். அதை எடுத்துவிட்ட பிறகு வால்வுகளைக் கழற்றித் தேய்த்து அமர்த்தாமல் திருப்பிப் பூட்டுவது வீண்.

டப்பட் ஒவ்வொன்றும் ஒரு வழிகாட்டிக் குழலுக்குள் இருக்கிறது. குழலைப் பக்கத்திலிருந்து ஒரு திருகாணி பிடித்திருக்கிறது. திருகாணிகள் கழன்றுவிடாதபடி கட்டுக்கம்பியால் கட்டப்பட்டிருக்கின்றன. கம்பியை வெட்டி, திருகாணியைக் கழற்றி, முதலில் நகரும் துண்டையும் உருளையையும் மேலே எடுத்துவிட்டுத்தான் குழலை எடுக்க வேண்டும். வரிசை மாறினால் உருளை கீழே விழுந்து சம்ப்புக்குள் போகும். சம்ப்பை எப்படியும் இறக்கிக் கழுவ வேண்டியிருப்பதால் அது பேரிழப்பல்ல. பெயர்ந்த இரும்புத் துகள் முழுவதும் அங்கேதான் கிடக்கும், அதைக் கழுவாமல் புதிய தண்டு போடக் கூடாது.

முன்மூடிதான் தீவு வண்டிகளில் மிகக் கடினமான கட்டம். மூடி அலுமினியம், போல்ட் உருக்கு, அதன் மேலேயே தண்ணீர் பம்ப். ஐம்பது ஆண்டு உவர்நீர் இந்த இரண்டு உலோகத்துக்கும் நடுவே என்ன செய்திருக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. பலம் போட்டால் போல்ட்டின் தலை கையோடு வரும். முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்து, மூடியை மெல்லச் சூடாக்கி, கால் சுற்றுக் கழற்றி அரைக்கால் சுற்றுத் திருப்பி இறுக்கி என்று முன்னும் பின்னுமாக அசைத்தால் அநேகமானவை வரும். உடைந்த போல்ட்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பிடித்துத் திருகுவது அடுத்த உபாயம். வெல்டிங்கின் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். கிராங்ஷாப்ட் முனையில் கைப்பிடி மாட்டும் பெரிய நட்டுக்குத் தனிச் சாவி வேண்டும். அது 150 இறாத்தல்-அடிக்கு இறுக்கப்பட்டது.

இனிச் சங்கிலி, இறுக்கி, பற்சில்லு ஆகியவற்றை எடுத்து, டிஸ்ரிபியூற்றரையும் அதை ஓட்டும் பற்தண்டையும் மேலே உருவி, பெற்றோல் பம்பைக் கழற்றி, காம்ஷாப்ட்டின் முகத்தில் இருக்கும் தகட்டின் இரு போல்ட்டுகளையும் எடுத்தால் தண்டு விடுதலையாகும். அதை இழுத்து எடுக்கக் கூடாது. ஒரு கை முன்னாலும், இயலுமான இடத்தில் இன்னொரு விரல் உள்ளேயும் தாங்கி, மெல்லச் சுற்றிச் சுற்றி வெளியே கொண்டுவர வேண்டும். மேடுகளின் கூரிய விளிம்பு பேரிங்கின் மென்மையான உலோகத்தில் உரசினால் கீறல் விழும்.

பேரிங் என்ற இடத்தில் இந்த வேலை வீட்டோடு முடியுமா என்பது தீர்மானமாகிறது. காம்ஷாப்ட்டைத் தாங்கும் பேரிங்குகள் சிலிண்டர் தொகுதிக்குள் அழுத்திப் பொருத்தி, பிறகு ஒரே நேர்கோட்டில் கடையப்பட்டவை. அவை தேய்ந்திருந்தால் முற்றத்தில் செய்ய ஒன்றுமில்லை. எஞ்சினை இறக்கி, தொகுதியை யாழ்ப்பாணத்துக்கோ அதற்கு அப்பாலோ பெரிய கடைச்சல் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். அதற்காகவே பிரிப்பதற்கு முன் சூடான எஞ்சினின் ஒயில் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சதுர அங்குலத்துக்கு 35 முதல் 65 இறாத்தல் வரை இருந்தால் நம்பிக்கையோடு திறக்கலாம். அதற்கு மிகக் கீழே இருந்தால், கிராங்ஷாப்ட் பேரிங்கும் காம்ஷாப்ட் பேரிங்கும் சேர்ந்தே போயிருக்கும். அப்படிப்பட்ட எஞ்சினுக்குப் புதிய காம்ஷாப்ட் மட்டும் வாங்குவது வீண்செலவு.

பொருத்தும் வேலை பிரித்த ஒழுங்கின் மறுபக்கம் என்று கைநூல்கள் சொல்லும். அது பாதி உண்மை. பிரிக்கும்போது அளவு முக்கியமில்லை. பொருத்தும்போது அளவே எல்லாம். பேரிங்குகளிலும் மேடுகளிலும் ஒயில் தடவித் தண்டை நுழைத்து, முகத்தகட்டைப் பூட்டிய பின் தண்டு முன்னும் பின்னும் எவ்வளவு அசைகிறது என்று பார்க்க வேண்டும்: 0.06 முதல் 0.14 மில்லிமீற்றர். நாளிதழ்த் தாள் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய இந்த எல்லைக்குள் வரும் என்பதால் அளவு எவ்வளவு சிறியது என்று ஊகிக்கலாம். ஆனால் அளப்பதற்கு டயல் கேஜ்தான் வேண்டும். டப்பட் துண்டுகளில் முன்பக்கம் என்று பொறித்த குறி முன்னோக்கி இருக்க வேண்டும். திருகாணிகளுக்குப் புதிய கட்டுக்கம்பி. ஹெட் போல்ட்டுகள் இறங்கும் துளைகளில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் ஊதி எடுக்க வேண்டும். தேங்கிய திரவத்தின் மேல் போல்ட்டை இறுக்கினால் வார்ப்பிரும்பு வெடிக்கும். நடுவிலிருந்து வெளிநோக்கி, பல படிகளில், பெரிய போல்ட்டுகளை 65 இறாத்தல்-அடிக்கு இறுக்க வேண்டும்.

பிறகு இந்த வேலையின் உயிர்நிலை: டைமிங். இரண்டு பற்சில்லுகளும் எந்த நிலையில் சங்கிலியால் இணைகின்றன என்பதில் ஒரு பல் தவறினாலும் எட்டு வால்வும் தவறும். இந்த எஞ்சினின் பிளைவீலில் ஈ, பி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்த குறி உண்டு. முதலாம் சிலிண்டரின் வெளியேற்று வால்வு முழுதாகத் திறந்திருக்கும் கணத்தில் அந்தக் குறி சிறு சாளரத்தில் தெரியும் முள்ளோடு நேராக நிற்க வேண்டும். வாசிக்க எளிது. சிக்கல், முழுதாகத் திறந்திருக்கும் கணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில். மேட்டின் உச்சியில் வால்வு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கிராங்ஷாப்ட் பல பாகை திரும்பினாலும் டயல் கேஜின் முள் அசையாதது போலவே நிற்கும். கண்ணால் பார்த்து உச்சியைக் குறித்தவர் பெரும்பாலும் தவறுவார்.

தப்பும் வழி உச்சியைத் தேடாமலிருப்பது. வால்வு உச்சியை அடைய ஒரு மில்லிமீற்றர் இருக்கும்போது நிறுத்தி, பிளைவீலில் ஒரு கோடு. அதே திசையில் தொடர்ந்து சுற்றி, உச்சியைத் தாண்டி ஒரு மில்லிமீற்றர் இறங்கியதும் இன்னொரு கோடு. சரிவுகளில் முள் விரைவாக ஓடுவதால் இந்த இரண்டு இடங்களும் துல்லியமாக அகப்படும். இரண்டு கோடுகளின் நட்ட நடுவே உச்சி. அது குறியோடு பொருந்தாவிட்டால், காம்ஷாப்ட் பற்சில்லில் வெட்டியிருக்கும் பல சாவிக்காடிகளில் வேறொன்றைத் தேர்ந்து மாட்டினால் ஒரு பல்லுக்கும் குறைவான அளவில் நிலையை நகர்த்தலாம். சுற்றும்போது எப்போதும் ஒரே திசை. பின்னால் திருப்பினால் சங்கிலியின் தளர்வு கணக்கில் புகுந்துவிடும். கைப்பிடியில் இயல்புக்கு மாறான தடுப்பு உணர்ந்தால் உடனே நிறுத்த வேண்டும். (கைப்பிடி உள்ள எஞ்சினின் அருமை இந்த இடத்தில் தெரியும். இக்கால வண்டிகளில் அதை எடுத்துவிட்டார்கள்.)

டப்பட் இடைவெளி எட்டு வால்வுக்கும் 0.25 மில்லிமீற்றர். அதை வைப்பதற்கு மெக்கானிக்குகள் பயன்படுத்தும் ஒன்பதுக் கணக்கு எளிது: எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வை வைக்க வேண்டும், ஆறாம் வால்வு திறந்திருக்கும்போது மூன்றாம் வால்வை. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. மூடியும் சம்ப்பும் ரேடியேற்றரும் ஏறிய பின், பிளக்குகளைப் போடாமலே கைப்பிடியால் சுற்றி ஒயில் அழுத்த முள் எழும்வரை காத்திருக்க வேண்டும். காய்ந்த பேரிங்கோடு கிளம்பிய புதிய காம்ஷாப்ட்டுக்கு முதல் நிமிடமே பெரிய கண்டம்.

உருளை டப்பட் உள்ள லாண்ட் ரோவரை அதன் பிறகு வழக்கம் போலக் கிளப்பி ஓட்டலாம். தட்டை டப்பட் உள்ள வில்லிஸுக்கும் ஒஸ்ரினுக்கும் அப்படியில்லை. அவற்றில் புதிய மேடும் புதிய டப்பட்டும் ஒன்றுக்கொன்று பழகும் வரை எஞ்சினை மெதுவோட்டத்தில் விடக் கூடாது. கிளம்பியதும் நிமிடத்துக்கு 1500 முதல் 2000 சுற்று வரை ஏற்றி, ஏறக்குறைய இருபது நிமிடம் அப்படியே ஓடவிட வேண்டும். மெதுவோட்டத்தில் மேட்டின் மீது தெறிக்கும் ஒயில் போதாது. ஒயிலின் வகையும் பொருட்டு: மேட்டைக் காக்கும் நாகச் சேர்மத்தை இக்கால ஒயில்களில் குறைத்துவிட்டார்கள், புகைக்குழாயில் உள்ள வினையூக்கி கெடும் என்பதால். வினையூக்கியே இல்லாத பழைய வண்டிக்கு விலை கூடிய புதிய ஒயில் நல்லது என்று நினைப்பது பிழை. பழைய எஞ்சின்களுக்கென்று விற்கும் 20டபிள்யு-50 வகையே பொருந்தும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு அதையும் சீக்கிரம் மாற்றிவிட வேண்டும். சூடேறி ஆறிய எஞ்சினில் ஹெட் போல்ட்டுகளையும் டப்பட் இடைவெளியையும் மறுபடி பார்க்க வேண்டும்.

மண்ணெண்ணெய்க்குத் திரும்பும் எண்ணம் இன்று எவருக்கும் இருக்கப் போவதில்லை. 2022 ஆகஸ்டில் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது முதல், அதை நம்பியிருந்த கடற்றொழிலாளரே திணறிப் போனார்கள். இன்னொரு பக்கம், 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் ஓடக்கூடிய எந்தப் பழைய வண்டிக்கும் விலை ஏறியது. பேரிங் நல்லதாக உள்ள ஒரு பழைய ஜீப்புக்குக் காம்ஷாப்ட் மாற்றுவது வெறும் பழமைப் பற்று அல்ல, கணக்குப் பார்த்தாலும் சரியான முடிவு.

இந்த வேலைக்கு வேண்டிய ஆட்கள் தீவுகளில் இருக்கிறார்கள். படகு எஞ்சினோடும் அவுட்போர்ட் மோட்டாரோடும் வளர்ந்த கைகளுக்கு லாண்ட் ரோவர் எஞ்சின் பெரிய புதிர் அல்ல. இல்லாதது அளவுக் கருவி. ஒரு டயல் கேஜ், ஓர் இறுக்கு அளவுச் சாவி, ஒரு வேணியர், ஒரு சிலிண்டர் அழுத்தமானி: தனியொருவர் வாங்கி வருடத்தில் இருமுறை பயன்படுத்துவது கட்டாது. தீவின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இந்த நான்கையும் வாங்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு இரவல் கொடுக்கலாம். ஜீப்புக்கு உதவுவதைவிட அவை படகு எஞ்சின்களுக்கே அதிகம் உதவும்.